துணையும் தன்னாட்சியும்
இயலாமையுடையோருக்கான அரச திட்டமிடல் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

மனிதன் தனித்து வாழும் உயிரல்லன். காலையில் அவன் அருந்தும் ஒரு கோப்பைத் தேநீரில் மலைநாட்டுத் தொழிலாளியின் உழைப்பும், பாரவண்டிச் சாரதியின் உழைப்பும், கடைக்காரனின் உழைப்பும் கலந்துள்ளன. தன் உடையைத் தானே நெய்யாதவனையும், தன் வீட்டைத் தானே கட்டாதவனையும் ‘பிறரில் தங்கி வாழ்பவன்’ என்று எவரும் குறை கூறுவதில்லை. ஆயின், உணவை வாயில் இடுவதற்கோ படுக்கையிலிருந்து எழுவதற்கோ இன்னொருவரின் கையை வேண்டி நிற்பவரைச் சமூகம் உடனே அப்பெயரால் அழைத்துவிடுகிறது. இரு திறத்தாரும் பிறர் துணையால் வாழ்பவரே. பெரும்பான்மையோருக்கு வேண்டிய துணை வீதியாகவும், விளக்காகவும், படிக்கட்டாகவும், சந்தையாகவும் முன்கூட்டியே அமைக்கப்பட்டிருப்பதால் அது துணையென்றே புலப்படுவதில்லை. சிறுபான்மையோருக்கு வேண்டிய துணையோ நாள்தோறும் கேட்டுப் பெற வேண்டியதாக விடப்பட்டிருக்கிறது. கேட்டுப் பெறுவது மட்டுமே எல்லோர் கண்ணிலும் படுகிறது.

இவ்வேற்றுமையைப் போக்குவது அரசின் கடமை என்பதை இன்று மறுப்பார் மிகச் சிலரே. உலகின் பல நாடுகளில் இதற்கெனச் சட்டங்களும் திணைக்களங்களும் ஏற்பட்டுள்ளன. ஆயினும், அத்திட்டங்கள் எந்நோக்கத்தை முன்வைத்து வகுக்கப்பட வேண்டும், அவற்றை வகுக்கும் உரிமை யாருக்கு உரியது என்னும் இரு வினாக்களும் இன்னும் முற்றாகத் தீர்ந்தபாடில்லை. மேலோட்டமாக நோக்குமிடத்து இவை நிர்வாகத்தைச் சார்ந்தவை போலத் தோன்றலாம். உண்மையில் இவை அறவியல் வினாக்களாகும்.

தமிழ் மரபில் இத்தகையோருக்கு உதவும் அறம் மிகப் பழமையானது. மணிமேகலைக் காப்பியத்தில், கண் காணாதவரையும், செவி கேளாதவரையும், கால் முடப்பட்டவரையும், பேணுவார் அற்றவரையும் அழைத்து உணவூட்டியவனாக ஆபுத்திரன் காட்டப்படுகிறான். அவன் ஏந்திய அமுதசுரபியே பின்னர், நயினாதீவு என்று மரபு கொள்ளும் மணிபல்லவத்தில், மணிமேகலையின் கையை அடைகிறது. பசியை நோயாகக் கண்டு அதனைத் தீர்ப்பதையே தலையாய அறமாகக் கொண்ட அந்நோக்கு எக்காலத்திலும் போற்றத்தக்கது. எனினும், கொடை அறம் எழுப்பும் வினா ‘கொடுப்பவன் என்ன செய்ய வேண்டும்’ என்பதே. ‘பெறுபவன் எவ்வாறு வாழ விரும்புகிறான்’ என்பது அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. கொடையாளியின் இடத்தை அரசு ஏற்கும்போது இக்குறை பெரிதாகிறது. வாசலில் நின்று உணவிடுபவன் வந்தவரின் முகத்தையேனும் காண்கிறான். திணைக்களமோ கோவையையும் பிரிவையும் மட்டுமே காண்கிறது.

இக்குறை எவ்வாறு வெளிப்பட்டது, எவ்வாறு அதற்கு மாற்றுத் தேடப்பட்டது என்பதை அறிய, ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநில வரலாற்றை நோக்குவது பயனுடையது. எட் றொபேட்ஸ் என்பார் 1953இல், தமது 14ஆம் வயதில், இளம்பிள்ளை வாதத்துக்கு ஆளாகிக் கழுத்துக்குக் கீழே பெரும்பாலும் அசைவிழந்தார். மூச்சு விடுவதற்கு ‘இரும்பு நுரையீரல்’ என்னும் பெரும் இயந்திரத்தின் துணை அவருக்குத் தேவைப்பட்டது. மாநிலத்தின் புனர்வாழ்வுத் திணைக்களம் அவரைத் தொழில் புரிய இயலாத அளவுக்கு ஊனமுற்றவர் என்று கணித்து, உதவி வழங்கத் தயங்கியது. இருந்தும் 1962இல் அவர் பேர்க்லியில் உள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். இரும்பு நுரையீரலைத் தாங்கும் விடுதியறை அங்கு இல்லாமையால் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஒரு பகுதியே அவரது உறைவிடமாயிற்று. நோயாளியாக அன்றி, மாணவனாக மருத்துவமனையில் வாழ்ந்த அந்த விசித்திர நிலை அவரைத் தொடர்ந்து வந்த வேறு சிலருக்கும் வாய்த்தது.

அம்மாணவர்கள் ஒன்றுகூடிச் சிந்தித்ததன் விளைவாக 1970இல் பல்கலைக்கழகத்திலேயே ஒரு சேவைத் திட்டமும், 1972இல் நகரத்தில் ‘சுதந்திர வாழ்வு நிலையம்’ என்னும் அமைப்பும் தோன்றின. அவர்கள் தேடிக்கொண்ட சேவைகளின் இயல்பு கவனிக்கத்தக்கது. உதவியாளரைக் கண்டுபிடித்துத் தருதல், பழுதடைந்த சக்கர நாற்காலியை உடனே திருத்துதல், வாடகைக்கு ஏற்ற வீடு தேடுதல், முன்னரே அவ்வழியில் வாழ்ந்து பழகியவர் புதியவருக்கு ஆலோசனை கூறுதல் ஆகியன அவை. இவற்றில் மருத்துவம் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. அதுவரை திட்டம் வகுத்தோர் ‘இவ்வுடலில் என்ன குறை’ என்று கேட்டனர். மாணவர்களோ ‘இன்று எங்கே போக வேண்டும், போகவிடாமல் தடுப்பது எது’ என்று கேட்டனர். வினா மாறியதும் விடை தானே மாறியது.

ஏறத்தாழ இதே காலத்தில் இங்கிலாந்திலும் இச்சிந்தனை வேறொரு வழியில் உருப்பெற்றது. பராமரிப்பு இல்லங்களில் வாழ்ந்த அனுபவமுடைய போல் ஹண்ட் என்பார் 1972இல் ‘கார்டியன்’ நாளேட்டுக்கு எழுதிய கடிதத்தைத் தொடர்ந்து ஒரு சங்கம் உருவாயிற்று. அச்சங்கம் 1976இல் வெளியிட்ட கோட்பாட்டு அறிக்கை, உறுப்புக்குறையையும் இயலாமையையும் வெவ்வேறாகப் பிரித்துக் காட்டியது. கால் இயங்காமை உறுப்புக்குறை. கட்டடத்துள் நுழைய முடியாமை இயலாமை. முன்னது உடலைச் சார்ந்தது. பின்னது அக்கட்டடத்தை அவ்வாறு அமைத்த சமூகத்தைச் சார்ந்தது. அங்கவீனர் என்றும், வலது குறைந்தோர் என்றும், மாற்றுத்திறனாளிகள் என்றும் காலத்துக்குக் காலம் பெயர்கள் மாறிவந்துள்ளன. இப்பிரிவினையை ஏற்பவர்க்கு ‘இயலாமையுடையோர்’ என்னும் சொல், அவரிடத்துள்ள குறையைச் சுட்டாது, அவர்மீது சுமத்தப்பட்ட தடையைச் சுட்டுவதாக அமையும். வலி, தளர்ச்சி போன்ற உடல்சார் துன்பங்களை எந்தச் சமூக மாற்றமும் முற்றாக நீக்கிவிடாது என்பது உண்மையே. ஆயினும், நீக்கக்கூடியவற்றை நீக்காதிருப்பதற்கு அவ்வுண்மை காரணமாகாது.

இனி, ‘சுதந்திரமாக வாழ்தல்’ என்பதன் பொருள் யாதென நோக்குதல் வேண்டும். பிறர் உதவியின்றி எல்லாவற்றையும் தானே செய்தல் என்பது ஒரு பொருள். தன் வாழ்வைப் பற்றிய முடிவுகளைத் தானே எடுத்தல் என்பது மற்றொரு பொருள். பழைய புனர்வாழ்வு முறைகள் பெரிதும் முதற்பொருளையே இலக்காகக் கொண்டன. கையசைவு குன்றிய ஒருவர் இரண்டு மணி நேரம் முயன்று தாமே சட்டையை அணிந்துகொண்டால் அது வெற்றியாக எண்ணப்பட்டது. அவ்விரண்டு மணி நேரத்தின் பின் வேலைக்குச் செல்லும் வலு அவரிடம் எஞ்சவில்லை என்பது கணக்கில் சேரவில்லை. உதவியாளர் ஒருவரின் துணையோடு கால்மணி நேரத்தில் உடுத்தி, எஞ்சிய பொழுதைத் தாம் விரும்பிய தொழிலில் செலவிடுபவரே உண்மையில் அதிக சுதந்திரமுடையவர். நாட்டை ஆளும் மன்னன் தன் தேரைத் தானே ஓட்டாமையால் சுதந்திரம் இழந்தவன் ஆவதில்லை. தேர் செல்லும் திசையைப் பிறர் தீர்மானிக்கும்போதுதான் அவன் அதனை இழக்கிறான். கிரேக்க அறிஞரான அரிஸ்டோட்டில், தன்னிறைவை நல்வாழ்வின் இலக்கணமாகக் கூறியவிடத்தும், அது தனித்து வாழ்பவனின் நிறைவன்று என்றும், பெற்றோர், மக்கள், நண்பர், சக குடிகள் ஆகியோரோடு கூடி வாழ்பவனின் நிறைவே என்றும் விளக்கியமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இப்பொருளை ஏற்றுக்கொண்டால், திட்டமிடுபவர் யார் என்னும் இரண்டாம் வினாவும் தவிர்க்க முடியாததாகிறது. தன்னாட்சியை வளர்ப்பதற்கான திட்டத்தை, அத்தன்னாட்சிக்கு உரியவரைக் கேளாது பிறர் வகுப்பது தன்னைத் தானே மறுக்கும் செயலாகும். அமெரிக்கச் சட்ட வரலாறு இதனைப் படிப்படியாகவே உணர்ந்தது. அரச நிதி பெறும் எத்திட்டத்திலும் இயலாமையைக் காரணங்காட்டி எவரையும் விலக்கலாகாது என்று 1973ஆம் ஆண்டின் புனர்வாழ்வுச் சட்டம் விதித்தது. அவ்விதியைச் செயற்படுத்தும் ஒழுங்குவிதிகளோ கையொப்பமின்றி ஆண்டுக்கணக்கில் கிடந்தன. 1977 ஏப்ரலில் சக்கர நாற்காலியில் வந்தோரும், பார்வையற்றோரும், செவிப்புலனற்றோருமாக நூற்றுக்கு மேற்பட்டோர் சான் பிரான்சிஸ்கோ நகரின் அரச அலுவலகக் கட்டடத்துள் புகுந்து மூன்று வாரங்களுக்கு மேலாக அங்கேயே தங்கினர். ஏப்ரல் 28இல் ஒழுங்குவிதிகள் ஒப்பமிடப்பட்டன. சுதந்திர வாழ்வு நிலையங்களுக்கு அரச நிதி வழங்க 1978ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது.

திட்டமிடலின் அமைப்பையே மாற்றியது 1992ஆம் ஆண்டுத் திருத்தமாகும். அதன்படி ஒவ்வொரு மாநிலத்திலும் சுதந்திர வாழ்வுக்கான ஒரு பேரவை அமைய வேண்டும். அதன் உறுப்பினருள் பெரும்பான்மையோர் இயலாமையுடையோராக இருத்தல் வேண்டும். அப்பெரும்பான்மையினர் மாநிலத் திணைக்களங்களிலோ சுதந்திர வாழ்வு நிலையங்களிலோ ஊழியம் புரிபவராக இருத்தலாகாது. மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை வகுக்கப்படும் மாநிலத் திட்டம் பொதுமக்களின் கருத்தைக் கேட்ட பின்னரே நிறைவு பெறும். தகவல் வழங்கல், வாழ்க்கைத் திறன் பயிற்சி, ஒத்த அனுபவமுடையோரின் ஆலோசனை, உரிமைக்காகப் பரிந்து பேசுதல் ஆகிய நான்கும் நிலையங்களின் அடிப்படைச் சேவைகளாயின. பராமரிப்பு இல்லங்களில் இருப்போர் சமூகத்துக்குத் திரும்ப உதவுதல் முதலியன 2014இல் ஐந்தாவதாகச் சேர்க்கப்பட்டன. ஊழியரை விலக்கிய அந்த நிபந்தனை நுட்பமானது. ஒருவர் தாம் நடத்தும் சேவைக்குத் தாமே நடுவராக இருத்தல் தகாது என்னும் நீதிக்கொள்கை அதனுள் அடங்கியுள்ளது.

இதற்கு எதிராகக் கூறப்படும் வாதங்களையும் நேர்மையோடு எடைபோடுதல் வேண்டும். முதலாவது, அறிவு பற்றியது. மருத்துவரும் பொறியியலாளரும் நிர்வாகியும் கற்றறிந்தவர்கள். பயன்பெறுவோரின் விருப்பத்தை அவர்களது அறிவுக்கு மேலாக வைத்தல் பொருந்துமா என்பது வினா. வழி பற்றிய அறிவு வேறு, செல்லுமிடம் பற்றிய முடிவு வேறு. சாய்தளத்தின் சரிவு எவ்வளவாக இருக்க வேண்டுமென்பதைப் பொறியியலாளர் கணிக்கலாம். அது கோயில் வாசலில் முதலில் அமைய வேண்டுமா, சந்தை வாசலில் அமைய வேண்டுமா என்பதை அவர் கணிக்க முடியாது. வீட்டைக் கட்டியவனைவிட அதில் குடியிருப்பவனே அதன் நன்மை தீமையை நன்கறிவான் என்று அரிஸ்டோட்டில் தமது அரசியல் நூலில் கூறியதும் இதுவே. வல்லுநர் கணிப்புப் பிழைபடலாம் என்பதற்கு றொபேட்ஸின் வாழ்வே சான்று. அவரைத் தொழிலுக்குத் தகுதியற்றவர் என்று ஒதுக்கிய அதே திணைக்களத்துக்கு 1975இல் மாநில ஆளுநர் அவரையே பணிப்பாளராக நியமித்தார்.

இரண்டாவது வாதம் இதனினும் கடினமானது. தம் விருப்பத்தைத் தெளிவாக எடுத்துரைக்க இயலாதோரின் நிலை யாது? அறிவு வளர்ச்சியில் பெருங்குறையுடையோர் பேரவையில் அமர்ந்து வாதிட இயலாது. பேச வல்லோர் தமது தேவையையே எல்லோர் தேவையாகவும் முன்வைத்துவிடும் அபாயம் மெய்யாகவே உண்டு. பேர்க்லியில் தொடங்கிய இயக்கம் கல்வி கற்ற இளைஞரின் இயக்கமாக இருந்தமையால் இக்குறை அதற்கும் இருந்தது. எனினும், தெளிவாகப் பேச இயலாமை விருப்பமே இல்லாமையாகாது. உண்ண மறுக்கும் உணவும், கண்டு மகிழும் முகமும், அஞ்சி ஒதுங்கும் அறையும் ஒவ்வொரு மனிதனிடத்தும் உண்டு. அவற்றைப் பொறுமையோடு அறிந்து முடிவெடுக்கத் துணைநிற்பது, அவருக்குப் பதிலாக முடிவெடுப்பதிலிருந்து வேறுபட்டது. 1999இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் விசாரித்த வழக்கொன்றில், சமூகத்தில் வாழலாமென்று மருத்துவர்களே கூறிய பின்னரும், ஜோர்ஜியா மாநிலத்தில் இரு பெண்கள் மருத்துவமனையிலேயே வைக்கப்பட்டிருந்தமை தெரியவந்தது. தேவையின்றி ஒருவரை நிறுவனத்துள் ஒதுக்கி வைத்தல் பாரபட்சமே என்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்விருவரும் அறிவுக்குறையும் உளநோயும் உடையோர் என்பது கருதத்தக்கது.

மூன்றாவது வாதம் செலவு பற்றியது. ஜோன் றோல்ஸ் 1971இல் வெளியிட்ட நீதிக்கோட்பாட்டு நூல், வாழ்நாள் முழுவதும் கூட்டுழைப்பில் பங்குகொள்ள வல்லோரையே அடிப்படையாகக் கொண்டது. 1979இல் அமர்த்தியா சென் ஆற்றிய சொற்பொழிவு இவ்விடத்தைச் சுட்டிக்காட்டியது. ஒரே அளவு பொருள் இருவருக்கு வழங்கப்பட்டாலும், நடமாடுவதற்கே பெருஞ்செலவு செய்ய வேண்டியவர் மற்றவருக்கு நிகரான வாழ்வைப் பெறமாட்டார். ஆகவே, எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதைவிட, கொடுத்ததைக் கொண்டு ஒருவர் என்ன செய்யவும் என்னவாக இருக்கவும் இயலும் என்பதே நீதியின் அளவுகோலாதல் வேண்டும். மேலும், செலவு என்னும் சொல் பலவேளைகளில் பழைய தெரிவுகளை மறைக்கும் திரையாக இருக்கிறது. அமெரிக்காவின் மெடிக்கெயிட் மருத்துவ உதவித் திட்டத்தில் பராமரிப்பு இல்லச் செலவை மாநிலங்கள் கட்டாயமாக ஏற்க வேண்டும். வீட்டில் வாழ்வதற்கான சேவைகளில் பெரும்பாலானவையோ மாநிலங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டிருப்பதால், அவற்றுக்கு நீண்ட காத்திருப்புப் பட்டியல்கள் உள்ளன. இங்கே பணம் இல்லாமையைவிடப் பணம் செல்லும் வழியே ஒருவர் எங்கு வாழ்வார் என்பதைத் தீர்மானிக்கிறது.

சுவீடன் 1994ஆம் ஆண்டு முதல் வேறொரு வழியைக் கைக்கொண்டது. அடிப்படைத் தேவைகளுக்கு வாரத்தில் 20 மணி நேரத்துக்கு மேல் உதவி வேண்டுவோருக்கு அரசே அதற்கான பணத்தை வழங்கும். உதவியாளரை நகரசபை மூலமோ கூட்டுறவுச் சங்கம் மூலமோ பெறவும், தாமே நேரடியாக அமர்த்திக்கொள்ளவும் அவருக்கு உரிமையுண்டு. இதனால் பலரது வாழ்வு மலர்ந்தது. ஆயின், செலவு எதிர்பார்த்ததைவிட உயர்ந்ததும், பின்னாளில் தகுதி விதிகள் இறுக்கமாகப் பொருள்கொள்ளப்பட்டுச் சிலர் அவ்வுதவியை இழந்தனர். திட்டத்தால் கிடைத்த சுதந்திரம் வரவுசெலவுத் திட்டத்தின் தயவில் தங்கியிருக்குமாயின் அது மீண்டும் கொடையாகவே சுருங்கிவிடும் என்பதற்கு இதுவும் ஒரு பாடம்.

நான்காவது வாதம் குடும்பம் பற்றியது. கீழைநாடுகளில் இதுவே வலுவாக ஒலிப்பது. தாயும் சகோதரியும் அன்போடு செய்வதை அரசு ஏன் செய்ய வேண்டும் என்று கேட்கப்படுகிறது. அவ்வன்பின் உயர்வை எவரும் மறுக்கார். ஆயினும், வேறு வழியே இல்லாதவிடத்துக் கொடுப்பவரும் சுதந்திரமாகக் கொடுப்பதில்லை. பெறுபவரும் சுதந்திரமாகப் பெறுவதில்லை. மகனுக்காகத் தன் வாழ்நாளைக் கழித்த தாய் இரவில் எண்ணிக் கலங்குவது ஒன்றே: ‘எனக்குப் பின் இவனை யார் பார்ப்பார்?’ அவ்வினாவுக்கு விடையளிக்கும் சேவை அன்பை இடம்பெயர்ப்பதன்று. அன்பை அச்சத்திலிருந்து விடுவிப்பது. மறுபுறம், கூலிக்கு அமர்த்தப்படும் உதவியாளரும் பெரும்பாலும் பெண்ணே. குறைந்த வேதனமும் நிலையற்ற வேலையும் அவளுக்கு விதிக்கப்படுமாயின், ஒருவரின் சுதந்திரம் இன்னொருவரின் அடிமைத்தனத்தின் மீது கட்டப்பட்டதாகும். நல்ல திட்டம் இருவரையும் ஒருங்கே கருதுதல் வேண்டும்.

இலங்கையில் இவ்விடயம் தொலைநாட்டுச் செய்தியன்று. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதும் அதற்கு மேலும் உடையோரில் 8.7 சதவீதத்தினர், ஏறத்தாழ 16 இலட்சம் பேர், பார்த்தல், கேட்டல், நடத்தல் முதலியவற்றில் ஏதேனுமொரு இடர்ப்பாடு உடையோராவர். 2009 வரை நீடித்த போர் குண்டுகளாலும் மிதிவெடிகளாலும் கைகால் இழந்தோர் பலரை விட்டுச்சென்றது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், 2003ஆம் ஆண்டின் தேசியக் கொள்கையும், கட்டடங்களுக்குள் நுழைவதை எளிதாக்கும் 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளும் இந்நாட்டில் உள்ளன. இயலாமையுடையோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. எங்கே, யாருடன் வாழ்வது என்பதை ஏனையோருக்கு நிகராகத் தெரிந்துகொள்ளும் உரிமையை அச்சமவாயத்தின் 19ஆம் உறுப்புரை கூறுகிறது. ஏடுகளில் உள்ள இவ்வுரிமை ஒரு கிராமத்தின் மணல் ஒழுங்கையை எட்டும்போதுதான் அதன் மெய்ம்மை சோதிக்கப்படுகிறது. சக்கர நாற்காலி வழங்கும் வைபவத்தில் எத்தனை நாற்காலிகள் வழங்கப்பட்டன என்று எண்ணுவது எளிது. ஆறு மாதங்களின் பின் அவற்றுள் எத்தனை வாசற்படியைத் தாண்டி வீதிக்கு வந்தன, பழுதடைந்தவற்றைத் திருத்துவார் அருகில் உளரா, பேருந்தில் ஏற முடிந்ததா என்று எண்ணுவதே திட்டமிடல்.

இவ்வாறு நோக்குமிடத்து, எந்த அரச திட்டத்தையும் அளந்தறியச் சில வினாக்கள் தெளிவாகின்றன. இதனை வகுத்தோருள் இதனால் பயன்பெறுவோர் எத்தனை பேர், அவர்களது சொல்லுக்கு வாக்குரிமை இருந்ததா, அல்லது மரியாதைக்கு அழைக்கப்பட்டனரா? இது ஒருவரின் தெரிவுகளைப் பெருக்குகிறதா, சுருக்குகிறதா? தம் குரலில் பேச இயலாதோரின் விருப்பத்தை அறிய இதில் வழியுண்டா? இதனைக் குறைகூறுபவர் உதவியை இழக்காது குறைகூற முடியுமா? இவ்வினாக்களுக்கு ஆம் என்று விடைகூற இயலாத திட்டம் எத்துணைக் கருணையோடு வகுக்கப்பட்டதாயினும் முழுமையான அறமாகாது.

சுதந்திர வாழ்வு இயக்கம் அமைச்சு அலுவலகத்தில் பிறக்கவில்லை. ஒரு பல்கலைக்கழக வளாகத்தில், பாடத்துக்குச் செல்ல விரும்பிய மாணவர் சிலரிடையே பிறந்தது. விரிவுரை மண்டபங்கள் மேல்மாடியில் அமைந்த எந்தப் பல்கலைக்கழகத்திலும் அதன் முதல் வினா இன்றும் எழக்கூடும். படிக்கட்டின் அடியில் மாணவர் ஒருவர் சக்கர நாற்காலியில் காத்திருந்தால், அவரைத் தூக்கிச் செல்ல நண்பர் நால்வர் முன்வருவர். அது நற்பண்பு. நாளையும் மறுநாளும் அவர் நண்பரை எதிர்பார்த்து நிற்க வேண்டியிராதவாறு விரிவுரையைக் கீழ்மாடிக்கு மாற்றுவதோ மின்னுயர்த்தி அமைப்பதோ நீதி. இவ்விரண்டில் எது அவருக்கு ஏற்றது என்பதை, கட்டடக் குழு கூடுவதற்கு முன்னர், அவரிடமே சென்று கேட்பதில்தான் அந்நீதி தொடங்குகிறது.